கையடி பாக்கி

இன்றைக்கு எத்தனை உருண்டை களி என்று கேட்டால் சென்னிமலை வாயால் சொல்லமாட்டார். தோளில் கிடக்கும் துண்டை இழுத்து வலக்கையை மூடிக்கொண்டு நீட்டுவார். மனைவி முத்தாயம்மாள் துண்டுக்குள் கைவிட்டு அவர் விரலைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். கல்யாணமான நாள் முதல் இதே பழக்கம்.

"ஊட்டுல யாருங்க ஒளிஞ்சு கேக்கறாங்க?"

"களிப்பானைக்குக் காது இருக்குது."

அவர் ராசிபுரம் பக்கத்தில் மாட்டுத் தரகர். சந்தையில் விலையெல்லாம் துண்டுக்குள் விரல் பிடித்துத்தான். படிந்ததும் தரகர் வாங்குகிறவருடைய உள்ளங்கையில் தம் வலக்கையால் ஓங்கி ஓர் அடி கொடுப்பார். அந்தக் கையடி விழாத மாட்டை யாரும் ஏரில் பூட்டமாட்டார்கள்.

போன சித்திரையில் ஜேடர்பாளையத்துச் சடையனுக்கு ஒரு செவலைக் காளை படிந்தது. சென்னிமலை கையை ஓங்கப் பார்த்தார். வரவில்லை.

"உடுங்க சடையண்ணா. இப்புடிப் புடிச்சுக்கிட்டா எப்புடிக் கையடிக்கிறது?"

சடையன் இரண்டு கைகளையும் வெளியே காட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதற்குள் சென்னிமலையின் வலக்காலும் மடிந்துவிட்டது.

பெட்ரோல் கிடைக்காத யுத்தகாலம்; கரியில் ஓடும் பஸ்ஸில் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் பொறுமையாக விளக்கினார். வலக்கைக்கான உத்தரவு மூளையின் இடப்பக்கத்தில் பிறக்கிறது. நரம்பு வழியே இறங்கி, பிடரிக்கருகில் பக்கம் மாறி, முதுகுத்தண்டு வழியாகக் கைக்குப் போகிறது. தலைக்குள் ரத்தக்குழாய் அடைத்து அந்த வழி கெட்டுவிட்டது. கையில் ஒரு கோளாறும் இல்லை.

"அப்ப யாவாரியும் இருக்கறான், மாடும் இருக்குது. நடுவுல தரகன்தான் படுத்துட்டான்" என்றார் சென்னிமலை.

ஆடிக்குள் கால் தேறிவிட்டது, கோலூன்றி நடக்கிறார். கைதான் மசியவில்லை. தினமும் காலையில் துண்டுக்குள் பரீட்சை நடக்கிறது.

"ரெண்டுன்னு சொன்னனே, வந்துதா?"

"ஒண்ணும் வரலீங்க."

ஆனால் கொட்டாவி வந்தால் மட்டும் அந்தக் கை தானாக மார்புவரை எழும்புகிறது. அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏஞ் சாமி, நாஞ் சொன்னாக் கேக்கமாட்டீங்க, கொட்டாவி சொன்னா எந்திரிச்சு நிப்பீங்களாக்கும்" என்று கையைத் திட்டுவார். அது வேறு வழியாக வருகிறது, நீங்கள் அனுப்பியதல்ல என்று டாக்டர் சொன்ன பிறகு கோபம் இன்னும் கூடிவிட்டது.

செவலைக் காளை ஏர் இழுக்காமல் கொழுத்துத் திரிகிறது. இடக்கையடி ஆகாது; வேறு தரகர் கையும் சடையனுக்கு வேண்டாம். சந்தைக்கு வரும்போதெல்லாம் இவர் வீட்டு வாசலில் வந்து உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

போன வாரமும் அப்படித்தான் நின்றார். சென்னிமலை தம் கையை முறைத்து முறைத்துப் பார்த்துச் சலித்துப்போனார். பெரிய கொட்டாவி ஒன்று வந்தது. கை எழும்பி, சடையனுடைய உள்ளங்கையில் பட்டென்று விழுந்தது.

"முடிஞ்சுதுங்க தரகரே. நாளைக்கே ஏர் பூட்டிப்போடறேன்" என்று சடையன் மலர்ந்துபோய்த் திரும்பினார்.

"நில்லுங்க சடையண்ணா. அது கொட்டாவி குடுத்தது. நான் இன்னும் குடுக்கலீங்க."

சென்னிமலை கோலைச் சுவரில் சாய்த்தார். இடக்கையால் சடையனின் மணிக்கட்டைப் பிடித்து, அந்த உள்ளங்கையை முன்பிருந்த உயரத்துக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, தம் வலக்கையைப் பார்க்கத் தொடங்கினார்.