வெள்ளிக்கிழமை கேட்ட நூறு பேர்

என் தங்கச்சிக்கு அலுவலக வேலை வெறுத்துப்போய்விட்டது. வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் குசினியிலேயே சமைத்து, மத்தியான நேரத்துக்கு மரக்கறிப் பார்சல் கட்டி விற்கவேண்டும் என்பது அவளுடைய ஆசை. மாதச் சம்பளத்தைக் கைவிடத்தான் பயம். இங்கே கடையில் வாங்கிச் சாப்பிடுகிறவர்களில் பாதிப்பேராவது மரக்கறி எடுப்பார்கள் என்று தெரிந்தால் துணிந்து வேலையை விட்டுவிடுவேன் என்றாள்.

நான் உயர்தர மாணவர்களுக்குப் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறவள். என்னிடம் வந்து இப்படிச் சொன்னால் சும்மா இருப்பேனா? எவ்வளவு பேர் வாங்குவார்கள் என்று முன்கூட்டித் தெரியாதபோது பாதிக்குப் பாதி என்று வைத்துக் கணக்குப் போடவேண்டும். அப்போதுதான் ஆகக் கூடுதலான ஆட்கள் தேவைப்படும். பிறகு கேட்ட ஆட்கள் குறைந்துவிட்டார்களே என்ற பேச்சு வராது. விடை நூற்றுக்குப் பத்து வீதம் முன்னே பின்னே போனாலும் பரவாயில்லை என்றால் நூறு பேர் போதும். ஐந்து வீதத்துக்குள் வேண்டுமென்றால் நானூறு பேரளவில் கேட்கவேண்டும். இவ்வளவு சனம் இருக்கிற இடத்துக்கு நூறு பேர் காணுமா என்று என் கணவர் நக்கலடித்தார். சனத்தொகை பெரிய விஷயமில்லை, ஆளைப் பார்த்துத் தெரிவு செய்யாமல் கேட்பதுதான் விஷயம் என்று அவருக்கு ஒரு வகுப்பே எடுத்தேன்.

இருவரும் லீவு போட்டுவிட்டு காலி வீதி என்கிற பெரிய தெருவில் இறங்கினோம். ஒவ்வொரு மூன்றாவது கடைக்குள்ளும் புகுந்து, இன்றைக்கு மத்தியானம் என்ன பார்சல் எடுப்பீர்கள் என்று கேட்டோம். நூறில் எழுபதுக்கு மேல் மரக்கறி. திங்கட்கிழமையே வேலையை விடப்போவதாகத் தங்கச்சி துள்ளினாள்.

அன்று பின்னேரம், கோழிப் புரியாணி எடுத்துக் கொண்டாடுவோம் என்றார் கணவர்.

"இண்டைக்கு வெள்ளியெல்லோ," என்று நானும் அவளும் ஒன்றாகச் சொன்னோம்.

சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்தோம். கணவர் சிரித்த சிரிப்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை இங்கே எத்தனையோ பேர் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடமாட்டார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாலாயிரம் பேரைக் கேட்டிருந்தாலும் அன்றைக்கு அதே பிழையான விடைதான் வந்திருக்கும்.

அடுத்த புதன்கிழமை வேறு நூறு பேரிடம் கேட்டோம். முப்பது பேர்தான் தேறினார்கள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கவலையாக இருந்தது. இன்னும் கொஞ்சக் காலம் வேலையில் இரு என்று மெல்லச் சொன்னேன். அவள் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள்.

"அக்கா, நூறில முப்பது எண்டா காலி வீதி முழுக்க எத்தினை பேர் வருவினம்? நான் ஒருத்தி ஒரு நாளைக்கு அம்பது பார்சலுக்கு மேல கட்டமாட்டன்."

பாதி வேண்டும் என்று அவள் சொன்னபோது, ஏன் பாதி என்று நான் கேட்கவே இல்லை. அவளும் அதுவரை யோசித்திருக்கவில்லை.

வேலையை விட்டாள். குசினி இப்போது முழுக்க அவளுடைய ராச்சியம். என் மத்தியானச் சாப்பாடும் அவளுடைய பார்சல்தான், அதில் எனக்கு மனம் நிறைந்த சந்தோஷம். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஒரு பார்சலும் மிஞ்சாது. வெள்ளியும் அதுவுமாக அவளுடைய குசினியில் ஒரு முட்டை பொரிக்கவும் வழியில்லாமல் பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறேன்.