ஆற்றைக் காதால் பார்ப்பதற்கு

நிரல் எழுத உதவும் எடிட்டர் மென்பொருள்களுக்குப் புது வசதி சேர்க்கும் எக்ஸ்டென்ஷன் எழுதுவதுதான் அவளுக்குப் பிழைப்பு. கணவர், ஆற்றின் நீர்மட்டத்தைக் கணக்கிட்டு வெள்ளம் வருமா வராதா என்று சொல்லும் ஆபீசில் பதினாறு வருஷமாக இருப்பவர். நான்கு மாதத்துக்கு முன் அவருடைய பார்வை முழுக்கப் போய்விட்டது. நிரலும் அதன் விடையும் ஒரே பக்கத்தில் வரும் ‘நோட்புக்’ மென்பொருளில் அவர் எழுதுவதைக் கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டிவிடும். ஆனால் அதன் கீழே விடை வரைபடமாக வந்து விழுந்ததும், ‘படம்’ என்று ஒரே வார்த்தையோடு வாயை மூடிக்கொள்ளும். படமாம்! ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல அதற்கு வாய் வலிக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை அவர், திங்கட்கிழமை ராஜினாமா கொடுத்துவிடப் போவதாகச் சாதாரணமாகச் சொன்னார். சமாதானம் சொல்லத் தெரிந்தவள் இல்லை அவள்; கோபப்படத்தான் தெரியும். அந்தக் கோபத்தோடு உட்கார்ந்து, விடையைப் படமாகக் காட்டாமல் ஒலியாகத் தரும் ‘ரெண்டரர்’ என்ற துணை நிரல் ஒன்றை இரண்டே நாளில் எழுதினாள். நீர் ஏறினால் சுருதி ஏறும், வடிந்தால் இறங்கும்.

ஞாயிறு காலை அவர் நிரலை ஓட்டினார். சத்தமே இல்லை. கீபோர்டைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

“அந்தப் பட்டனை அமுக்குங்களேன்” என்றாள்.

“எந்தப் பட்டன்?”

அவளுக்குச் சுரீரென்றது. பச்சையாக, வட்டமாக, அழகாக ஒரு பட்டன் வைத்திருந்தாள். மவுஸால் மட்டுமே தொட முடிகிற பட்டன். யாருக்காக எழுதினாளோ அவரை விட்டுவிட்டு ஊரில் உள்ள மற்ற எல்லாருக்கும் எழுதியிருக்கிறாள். புத்தி புல் மேயப் போயிருந்தது போல! பரவாயில்லை விடு என்று அவர் சிரித்தார். அந்தப் பரவாயில்லையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

திரையை அணைத்தாள். கண்ணை நம்பி ஒரு தடவை ஏமாந்தது போதும். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, கம்ப்யூட்டர் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டே திருத்தினாள். பட்டன் போனது. எண்டர் தட்டினால் ஒலி. அம்புக்குறியால் மணிக்கு மணி நகரலாம்.

மாலையில் போன மாத நீர்மட்டம் ஒலித்தது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார், நிறுத்தினார், பின்னால் போய் மறுபடி கேட்டார்.

“பதினெட்டாம் தேதி முழுக்க ஒரே சுருதி. ஆறு அப்படி அசையாம நிக்காதும்மா. அளக்கற கருவியில ஏதோ மாட்டியிருக்கு.”

அவள் திரையைப் போட்டுப் பார்த்தாள். உண்மைதான். அதே வரைபடத்தை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் கவனிக்கவே இல்லை.

“அப்போ நாளைக்கு...” என்று ஆரம்பித்தாள்.

“கொஞ்சம் பேசாம இரு. எனக்கு வேலை இருக்கு.”

கல்யாணமான நாளிலிருந்து இந்த வார்த்தைக்காக அவரோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறாள். இன்று எழுந்து வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு அழுதாள்.