சூறாவளியும் துதிக்குமா? ஜெயமலர் நின்றுபோன அந்த ஒரு வரி

இன்று காலை முகநூலில் ஒரு நட்பு அழைப்பு!

படத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. பெயர் ஜெயமலர்.

யாரென்று யோசிப்பதற்குள் செய்தியும் வந்துவிட்டது: "பரீதா, இன்னும் எல்லாருக்கும் பாடம் சொல்லிக் குடுத்துட்டுத்தான் திரியிறியா புள்ள?"

அல்லாஹ்வே! அவளேதான்!

கதையைச் சொல்லாவிட்டால் எனக்கு இன்று சோறு இறங்காது.

எழுபதுகளின் கடைசி. சூறாவளி அடித்த மறு வருடம். கல்முனையில் நாங்கள் இருவரும் ஒன்பதாம் வகுப்பு, ஒரே வாங்கில்தான் உட்காருவோம். (முதல் வாங்கு. புத்தகப் புழு வேறு எங்கே இருக்கும்?)

ஜெயமலர் மெதடிஸ்த சபைப் பிள்ளை. அவர்களுடைய அறுவடை விழாவில் சங்கீதம் மனனம் செய்து சொல்லும் போட்டி.

அந்த முறை கொடுத்தது ஓர் அழகான சங்கீதம். சூரியன், சந்திரன், ஆழ்கடல், பனி, பெருங்காற்று, மலை, மரம், மாடு, ஊர்வது, பறப்பது என்று ஒவ்வொன்றையும் கூப்பிட்டு, இறைவனைத் துதிக்கச் சொல்லும்!

முந்திய முறை மேடையில் மறந்துபோய் அழுதவள் அவள். பெரியம்மா மகள் ஒருத்தி அதை வருடம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

"இந்த முறையும் அழுதா, நான் இனி மேடைப் பக்கமே போகமாட்டன்" என்றாள் ஜெயமலர்.

விடுவேனா? "நான் பாடமாக்கித் தாறன்" என்றேன்.

எனக்குத் தெரிந்தது ஒரே முறைதான். ஓதப்பள்ளியில் நாங்கள் குர்ஆன் பாடமாக்கும் முறை. சம்மணமிட்டு உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஆடி ஆடி, ஒரு வரியைப் பத்துத் தரம் சொல்வது.

வேப்பமரத்தடியில் இரண்டு பேரும் ஆடினோம்.

"கடல் எப்பிடிகா துதிக்கும்? அதுக்கு வாயா இருக்கு?"

"எங்கட ஓதல்லயும் இரிக்கி புள்ள. தாவூத் நபி தஸ்பீஹ் செய்யக்குள்ள மலையும் குருவியும் கூடச் சேந்து துதிச்சதாம்."

"எங்கட தாவீது ராசாவா?"

"ஓம், அவர்தான்."

"ஆள் ஒண்டுதானே. மறுகா என்ன, நீயே ஏறிச் சொல்லன்!"

பனி என்ற இடத்தில் மட்டும் தடுமாறினோம். (இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரே பனி ஐஸ்பழக்காரரின் பெட்டிக்குள் இருந்தது.)

மூன்றே நாள்! கடகடவென்று வந்தது. ஒரு வரியைத் தவிர.

பெருங்காற்று வரி வந்தால் நின்றுவிடுவாள்.

"என்னகா, மறந்துட்டா?"

"மறக்கல்ல. எங்கட கூரையப் பிடுங்கின காத்து. அப்பாட வயல அழிச்ச காத்து. அது கடவுள் சொன்னதச் செய்யிற காத்தாம். அதையும் துதிக்கச் சொல்லி நான் என்ட வாயால கூப்பிடணுமா?"

பள்ளிக்கூட நூலகத்தில் பாதியைப் படித்து முடித்தவள் நான்.

"எனக்குத் தெரியா. வரியச் சொல்லு, மார்க் போயிரும்" என்றேன். (என் ஞானம் அவ்வளவுதான்!)

விழா நாள். "வாசல்ல நிண்டு பாத்துட்டு நேரா ஊட்டுக்கு வா" என்று உம்மா அனுப்பினார்.

உள்ளே பூசணிக்காய், வாழைக்குலை, புது நெல். நடுவராக ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர்.

"கையக் கட்டி நேரா நில். அசையப்படாது" என்று ஜெயமலரிடம் சொன்னார்.

ஆடி ஆடிப் பாடமாக்கியவளிடம் அசையாதே என்றால்?

சூரியன் வந்தது. சந்திரன் வந்தது. கடல் வந்தது. பனியும் வந்தது.

காற்று வரவில்லை.

பெரியம்மா மகள் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஜெயமலரின் கண் நிறைந்துவிட்டது. வாசலைப் பார்த்தாள்.

கூப்பிடவும் முடியாது, சொல்லிக் கொடுக்கவும் முடியாது. நின்ற இடத்தில் முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினேன்!

"இந்தப் புள்ளைக்கு என்ன, வயித்துக்குத்தா?" என்று பக்கத்தில் நின்ற பெண் கேட்டார்.

ஜெயமலர் பார்த்தாள். முதலில் தோள் அசைந்தது. பிறகு இடுப்பு. கட்டியிருந்த கை அவிழ்ந்தது.

வந்தது காற்று! சொல்லவில்லை, கத்தினாள். அதன் பின்னால் மலை, மரம், மாடு, குருவி என்று எல்லாம் ஒரே மூச்சில் வந்து முடிந்தன.

நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு சொல்லும் பிழையில்ல. ஆனா ஆடினதுக்கு ரெண்டு மார்க் குறைக்க வேணும்."

சவளக்கடைக் கிராமத்தில் வயல் செய்யும் ஒருவர், மடியில் பூசணிக்காயோடு பின்வரிசை வாங்கிலிருந்து எழும்பினார்.

"ஐயா, காத்து, கடல், மரம், மாடு எல்லாத்தையும் துதிக்கக் கூப்பிடுற பாட்டு. அதுகள்ல எது ஐயா கையக் கட்டிட்டு அசையாம நிக்கிது?"

நடுவர் உண்மையாகவே யோசித்தார்.

"மலை நிக்கிதே" என்றார்.

போதகர்தான் முதலில் சிரித்தார். பிறகு கூரை பறக்காத குறை!

மார்க் குறைத்தது குறைத்ததுதான். இரண்டாம் பரிசு, ஒரு சவர்க்காரப் பெட்டி.

அதோடு வெளியே ஓடி வந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"பரீதா, நான் அந்த வரியத் துதியாச் சொல்லல்ல. கோவத்துல காத்துக்கு ஏசுற மாதிரித்தான் சொன்னன். அது துதியில சேருமா?"

இந்த முறை நான் மார்க்கைப் பற்றிப் பேசவில்லை. "ஏசக்குள்ளயும் நீ அதைக் கூப்பிட்டுட்டாய் புள்ள" என்றேன்.

சிரித்துக்கொண்டே அழுதாள். மேடையில் அல்ல, ரோட்டில். அதற்கு யாரும் மார்க் குறைக்கவில்லை.

கிழக்குக் கரைக்காரர்களே, அந்தச் சூறாவளியோடு இன்னும் கோபமாக இருப்பவர்கள் எத்தனை பேர்? கை தூக்குங்கள் பார்ப்போம்!

(முதல் கை என்னுடையது. எங்கள் வளவின் கறுத்தக்கொழும்பான் மாமரத்துக்காக!)