அந்த நோன்பில் வைத்த சுரைக்காய்க் கஞ்சி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தயங்கினேன். பிஸ்மி சொல்லிப் பேனாவை எடுப்பேன், மூடி வைத்துவிடுவேன். நான் ஐந்தாவது வரை படித்தவள். மௌத்தாகிப் போனவரைப் பற்றி ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் நாளை அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம் எனக்கு.

சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நோன்பு நல்ல கோடையில் வந்தது. தொண்டிக்குத் தெற்கே, ஊரைவிட்டுத் தள்ளி, தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு. ஆண்கள் கொழும்பில் கடையில் இருந்தார்கள். வீட்டில் என் கணவரைப் பெற்ற மாமியும் நானும் கணவரின் தங்கையும். தங்கைக்கு ஏழாம் மாதம். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போயிருந்தன. இதுவாவது தங்க வேண்டும் என்றுதான் மாமி தொழுகைக்குத் தொழுகை கையேந்துவார். நோன்பு வைக்க வேண்டாம் என்று மகளுக்குச் சொல்லிவிட்டு, அவள் வாயில் என்ன போகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கோடையில் காற்று சரியில்லை. மீன் வரவில்லை. பானையில் குருணையும் கொஞ்சம் கருவாடும் தேங்காயும் வெந்தயமும் இருந்தன. மற்றதெல்லாம் தோட்டம் பார்த்துக் கொடுப்பதுதான். ஒருநாள் முருங்கைக் கீரையில் தேங்காய்ப்பால் விட்டு ஆணம் காய்ச்சினேன். ஒருநாள் வாழைத்தண்டைக் கருவாட்டோடு கிண்டினேன். புளி தீர்ந்தபோது மாங்காய்ப் பிஞ்சைத் தட்டிப் போட்டேன். பப்பாளி மரத்தில் காய் தொங்கியது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீடு என்று அதன் பக்கமே போகவில்லை.

பிறகு கிணறு உவர்த்தது. அந்தத் தண்ணீரை ஊற்றியும் அவரை காய்ந்தது, கத்தரி கருகியது. சுரைக்கொடியின் இலைகள் சுருண்டு காகிதம்போல் சத்தம் போட்டன. கொடி சாகும் நிலையில் இருந்தது, அடியில் மட்டும் ஒரு காய் பச்சையாக, கொழுகொழுவென்று கிடந்தது. அதைப் பார்க்கவே எனக்கு என்னவோபோல் இருந்தது.

"அதைப் பறிச்சு கஞ்சியில போடு புள்ள. வெயிலுக்குக் குளிர்ச்சி. பிள்ளைக்கும் நல்லது" என்றார் மாமி.

அரிந்தேன். தோலை ஆட்டுக்குப் போட்டேன். முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"ஏன் மாமி, ஆடு திங்க மாட்டேங்குது?"

"அதுவும் நோன்பு வச்சிருக்கும் போல" என்று சிரித்தார்.

குருணை, சுரைக்காய், பூண்டு, வெந்தயம், கடைசியில் தேங்காய்ப்பால். நோன்பு நேரத்தில் நாக்கு நுனியில் உப்புப் பார்த்துத் துப்பிவிடலாம், மார்க்கத்தில் அதற்கு இடம் உண்டு. மாமி ஒப்பமாட்டார். எங்கள் வீட்டில் கைதான் உப்புப் பார்க்கும். அன்றைக்குத் தங்கை நோன்பில்லாதவளாக இருந்ததால் அவளிடம் ஒரு கரண்டி நீட்டினேன்.

வாயில் வைத்தவள் முகத்தைச் சுளித்தாள். "கசக்குது மச்சி."

"உனக்கு நேத்து தண்ணியே கசந்துச்சே" என்றார் மாமி.

"இது அந்தக் கசப்பு இல்லும்மா. தொண்டையப் பிடிக்குது."

"வெந்தயம் கூடியிருக்கும். மசக்கைக்காரி நாக்க நம்பி நாங்க உலை வைக்க முடியுமா? ராணியாரே, சும்மா இருங்க!"

நானும் சிரித்தேன். மாசமானவளுக்கு எல்லாம் கசக்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவள் பேச்சு அதோடு முடிந்தது.

தூரத்தில் பாங்கு கேட்டது. தண்ணீர் குடித்து நோன்பு திறந்துவிட்டு நான் மஃரிப் தொழப் போனேன். மாமிக்கு அன்று தலைசுற்றல். "கஞ்சியக் குடிச்சிட்டு வாரேன், நீ தொழு" என்றார். தொழுகைப் பாயில் நிற்கும்போதே அடுப்படிப் பேச்சு காதில் விழுந்தது.

"குடி. பிள்ளைக்காகக் குடி."

"என்னால ஆகலம்மா. நீங்களே குடிச்சுப் பாருங்க, கசக்கலையா?"

"லேசாக் கசக்குது, அதுக்கென்ன. நாளெல்லாம் காஞ்ச வாய்க்கு எதுதான் இனிக்கும்? அல்லாஹ் குடுத்த ரிஸ்க்க, இந்தக் கஞ்சிய, கீழ ஊத்தச் சொல்றியா? இங்கன குடு."

தொழுது முடித்து வந்தபோது இரண்டு கோப்பையும் காலியாக இருந்தன. தங்கை ஒரு வாய்தான் குடித்திருந்தாள், மிச்சத்தையும் மாமியே குடித்திருந்தார்.

நான் என் கோப்பையை இன்னும் கையில் எடுத்திருக்கவில்லை. அதற்குள் மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கிணற்றடிவரைகூடப் போக முடியவில்லை. முதலில் கஞ்சி வந்தது, பிறகு இரத்தம். "தண்ணி" என்றார், அதுவும் தங்கவில்லை. பக்கத்துத் தோப்புக்காரர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினார். பாதி வழியில் மாமி என் கையைப் பிடித்து, "அவ எத்தன வாய் குடிச்சா?" என்று கேட்டார். "ஒரு வாய்தான் மாமி" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். அன்று இரவே ஆஸ்பத்திரியில் மௌத்தானார், அடுத்த நாள் நோன்பு அவருக்கு வாய்க்கவில்லை.

சுரைக்காய் கசந்தால் அது விஷம் என்று ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள். தண்ணீரில்லாமல் வாடிய கொடியில் அப்படிக் காய்க்குமாம்.

தங்கைக்கு ஆண்பிள்ளை பிறந்து தங்கியது. அதன் பிறகுதான் ஊர் பேசத் தொடங்கியது. விஷம் என்று தெரிந்தே மகளுக்குப் பதிலாக அந்தத் தாய் குடித்தாள் என்றார்கள். பொல்லாத கண் பட்டது என்றும் சிலர் சொன்னார்கள். இப்போது தோப்புப் பக்கம் போகிறவர்கள் மாமி கஞ்சி குடித்த இடத்தைக் காட்டி சலவாத்து ஓதுகிறார்களாம்.

மாமிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மகள் வாயருகே கோப்பையைக் கொண்டுபோயிருப்பாரா? நல்ல சோறு வீணாகக் கூடாதென்று குடித்தார், அவ்வளவுதான். கசக்குது என்று ஒருத்தி சொன்னாள், வீட்டில் யாரும் கேட்கவில்லை. இதைப் படிக்கிறவர்கள் பிறருக்குச் சொல்லுங்கள், இப்படியே சொல்லுங்கள். மாமியைப் பெரியவராக்க ஒரு சொல்லைக்கூடச் சேர்க்க வேண்டாம், எங்களுக்கு இரங்கி ஒரு சொல்லைக்கூட எடுக்கவும் வேண்டாம்.