மச்சாள் பார்த்த நீலப் புள்ளிகள்

எங்கள் ஆய்வுகூடத்தில், இரண்டு பேர் எதிரெதிரே இருந்து ஒரே கண்ணாடித் தகட்டைப் பார்க்கக்கூடிய நுணுக்குக்காட்டி ஒன்று இருக்கிறது. அதன் மறுபக்கத்துக் கண்வில்லையில் ஒருநாள் முகப்பவுடர் ஒட்டியிருந்தது. துடைக்க மனமில்லாமல் அன்று மாலைவரை அப்படியே விட்டிருந்தேன். அது என் மச்சாள், அண்ணாவின் மனைவி, விட்டுப்போன பவுடர்.

மச்சாள் கொழும்பில் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு ஸ்கூல் வான் ஓடியவர். காலி வீதியில் பஸ்காரருக்கே வழிவிடாத ஆள். பொலிஸ் மறித்தால் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். கருப்பைக் கழுத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபிறகும், கதிர்ச் சிகிச்சைக்குத் தானே வானை ஓட்டிக்கொண்டுதான் போனார். அடங்கியது என்று நாங்கள் மூச்சுவிட்ட நோய் திரும்பி வந்தபோதுதான் அவர் முதன்முறையாகக் கையை விரித்தார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்பும் மருந்து ஒன்றை ஏற்றிப் பார்க்கலாம் என்று வைத்தியர் சொல்ல, மச்சாள் மாட்டேன் என்றுவிட்டார். அண்ணா கெஞ்சினான். மகள் அழுதாள். ஒன்றும் எடுபடவில்லை.

"என்ட உடம்பே என்னைக் கைவிட்டிட்டுது. உள்ளுக்குள்ள கள்ளன் வந்து குந்தியிருக்க, அது பாட்டுக்கு நித்திரை கொண்டிருக்கு. அந்த உடம்புக்கு இனி என்ன மருந்து?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அவருடைய கட்டியிலிருந்து எடுத்த துண்டை அப்போது நான் பார்த்து முடித்திருந்தேன். நித்திரை என்பது அபாண்டம். "உங்கட உடம்பு நித்திரையோ இல்லையோ எண்டு வந்து பாருங்கோ" என்றேன். என் மேலதிகாரியிடம் மன்றாடி அனுமதியும் வாங்கிவிட்டேன்.

மச்சாள் கலியாண வீட்டுக்கு வருவதுபோல் சேலையும் பவுடரும் பொட்டுமாக வந்து நின்றார். "கள்ளனைப் பாக்கப் போறன், வடிவாப் போகவேணாமோ?" என்றார். அவரை மறுபக்கத்து நாற்காலியில் இருத்தினேன். புற்றுக்கலங்கள் கூட்டம் கூட்டமாகத் தெரிந்தன, ஒவ்வொன்றையும் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம். கலத்தின் மேற்பரப்பில் உள்ள ஒரு மூலக்கூறில்தான் அந்தச் சாயம் பிடித்திருக்கிறது, நோயை எதிர்க்கும் கலங்கள் கிட்ட வந்தால் "நான் உங்கட ஆள்தான், விடுங்கோ" என்று அவற்றின் கையைக் கட்டிப்போடுவது அதுதான் என்று விளக்கினேன்.

"அந்த நாளில சென்றியில ஆமிக்குப் பாஸ் காட்டிப்போட்டுப் போற மாதிரி."

"ஓம் மச்சாள், அப்பிடித்தான்."

"அதுகளைச் சுத்தி நிக்கிற இந்தச் சின்ன நீலப் புள்ளியள்?"

"அதுதான் உங்கட காவல்."

மச்சாள் கண்வில்லையில் முகத்தை அழுத்திக்கொண்டு இருந்தார். கூட்டங்களின் விளிம்பெல்லாம் நீலம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. அடிக்கத்தான் முடியாமல் நின்றது. அந்தப் பாஸ் காவலின் கண்ணில் படாமல் மறைப்பதுதான் வைத்தியர் சொன்ன மருந்தின் வேலை என்றேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"இவ்வளவு பேரும் வந்தெல்லோ நிக்கினம்" என்றார். "பாவங்கள். நான் சும்மா பேசிப்போட்டன்." பிறகு நிமிர்ந்து, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "எப்ப ஏத்துறது?"

மருந்து பிடித்தது. மச்சாள் மறுபடி வான் ஓடினார், மறுபடி பஸ்காரரோடு சண்டை பிடித்தார். மகளின் கலியாணத்தில் எல்லாரையும் விரட்டி விரட்டி வேலை வாங்கினார். பிறகு ஒரு கட்டத்தில் மருந்து பிடிக்காமல் போனது. நாங்கள் அவரை இழந்தோம். ஆனால் தன் உடம்பை அவர் அதன்பிறகு ஒரு சொல்லும் குறை சொன்னதில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதல்.

இன்று காலை வத்தளைப் பெண் ஒருவரின் தகட்டை வைத்துப் பார்த்தேன். அதே நோய். ஓரம் ஓரமாகத் தேடினேன். சின்ன நீலப் புள்ளி ஒன்றுகூட இல்லை. தம்மைக் காட்டிக்கொடுக்கும் மூலக்கூறுகளை மேற்பரப்பிலிருந்து கழற்றிவிடும் புற்றுக்கலங்களும் உண்டு. அப்போது காவலுக்கு அவற்றைத் தெரியாது. இங்கே நடந்தது அதுதானா, வேறு ஏதாவதா என்று தெரியவேண்டும். அதே துண்டில் இன்னொரு சீவல் எடுத்து வேறு சாயம் போடக் கொடுத்திருக்கிறேன். அதிலும் தெரியாவிட்டால் இன்னொன்று. விடுவதாக இல்லை. மறுபக்கத்துக் கண்வில்லையைத் துடைத்து, நாற்காலியையும் இழுத்துப் போட்டிருக்கிறேன். இந்தப் பெண்ணும் வந்து பார்க்கவேண்டும் என்று கேட்டால், காட்டுவதற்கு என்னிடம் ஏதாவது இருக்கவேண்டும்.