பெயர் கூப்பிடாத காலை

புளித்த ரப்பர் பாலின் வாடை அப்பாவின் சட்டையை விட்டுப் போனதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை குளித்து, வேட்டி மாற்றி, தொழிலாளர் குடியிருந்த நீள வரிசையான 'லயத்து' வீட்டில் நாங்கள் மாட்டியிருந்த புத்தர் படத்தின் கீழே உட்காரும்போதும் அது கூடவே இருக்கும். மலாயாவில் பத்து பாகாட் என்ற ஊருக்கு உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில் தமிழ்ப் பௌத்தர்களிடம் கேட்ட கதையை அப்பா அக்கம்பக்கத்தாருக்குச் சொல்வார்: அரண்மனையைத் துறந்த அரசகுமாரன், அரசமரத்தடியில் கண்ட ஞானம், பிறகு தன் சங்கத்தில் நாவிதனையும் இளவரசர்களோடு சமமாக உட்காரவைத்தது. "நீ எந்தச் சாதின்னு அவரு யாரையும் கேக்கல" என்று முடிப்பார். எங்களையோ தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலோடு நிறுத்தியிருந்தார்கள். இந்தப் பேச்செல்லாம் வம்பில் முடியும் என்று அம்மா பயந்தாள்.

அப்படியே ஆயிற்று. திருவிழாச் சாக்கில், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி கோயில் வாசலில் ஏற்பாடு செய்த கூட்டத்தில், சிங்கப்பூரிலிருந்து வந்த கதர்ச் சட்டைக்காரர் ஒருவர் இந்திய விடுதலையைப் பற்றிக் கேட்டவர்கள் கண்கலங்கப் பேசினார். அப்பா எழுந்தார்.

"ஐயா, சுதந்திரம் வந்தா நாங்க இந்த வாசப்படியத் தாண்டலாமா?"

"மொதல்ல வெள்ளக்காரன் போகட்டும். அதெல்லாம் அப்புறம் பாக்கலாம்."

"அப்புறம்னா எப்பங்க?"

கூட்டம் கலைந்தது. கூட்டம் கூட்டிய தன் தலை தப்ப வேண்டுமே என்று கங்காணி முந்திக்கொண்டு, கலகம் மூட்டியது அப்பாதான் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் சொல்லிவிட்டார்.

மறுநாள் விடியுமுன், அன்றைய வேலைக்கு ஆள் எடுக்கும் 'பெரட்டில்' எல்லோரும் வரிசையாக நிற்க, கணக்கெழுதும் கிராணி பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே போனார். அப்பாவின் பெயர் வரவில்லை. அம்மாவின் பெயர் வந்தது. அவள் பால் வாளியைத் தரையில் வைத்தாள்.

"அவரு பேரு இல்லாத எடத்துல எம்பேரு எதுக்கு?"

அன்றே மூட்டை கட்டினோம். புத்தர் படத்தைச் சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டவளும் அம்மாதான். பத்து பாகாட் படகுத்துறையில் அப்பா கூலிக்குப் போனார். சில ஆண்டுகளில் காய்ச்சல் கண்டு இறந்தார். இந்தியா, மலாயா இரண்டு நாடுகளிலும் சுதந்திரக் கொடி ஏறியதை அவர் பார்க்கவில்லை.

இன்று அந்தத் தோட்டத்தில் லயங்கள் இல்லை, ரப்பர் மரங்கள் இல்லை, எங்கு பார்த்தாலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. கோயில் மட்டும் புதுக் கோபுரத்தோடு நிற்கிறது. யாரும் யாரையும் தடுப்பதில்லை. அம்மா இருந்தபோது ஒருமுறை அந்தக் கோயில் வாசல்வரை காரில் அழைத்துப் போனேன். கதவைத் திறந்துவிட்டும் அவள் இறங்கவில்லை.

"நீ போயிட்டு வா. நான் இங்கயே இருக்கேன்" என்றாள்.