வெட்டுமுன் இறக்கும் சுவர்

என் கையெழுத்து கோணல், பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஒஸ்லோவில் நிலத்தை அதிரவைப்பதென்றால் அயலவருக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும். அவர்கள் வீட்டுச் சுவரில் அதிர்வை அளக்கும் சிறு பெட்டி பூட்டுவார்கள். அளவு கூடினால் வேலை நிற்கும். நான் வேலை செய்வது அத்திவாரக் குழிகளில். இந்த நகரத்தின் அடியில் களிமண். வெட்டினால் வழிந்து குழியை மூடிவிடும். அதனால் ஸ்புன்ட் என்ற நீண்ட இரும்புத் தகடுகளை ஓரத்தோடு ஓரம் கொளுவி, வரிசையாக நிலத்துக்குள் இறக்குவோம். பாரந்தூக்கியில் தொங்கும் இயந்திரம் தகட்டின் தலையைக் கவ்வி நடுக்கும். தகடு களிக்குள் இறங்கும். மண் இறுக்கமென்றால் சம்மட்டி இயந்திரம் அடிக்கும். பழைய வீடுகளுக்குப் பக்கத்தில், சத்தமில்லாமல் அழுத்தும் இயந்திரம். எதுவானாலும் சுவர் முதலில், குழி பிறகு. கட்டடம் எழும்பியதும் தகடுகளை உருவிவிடுவோம்.

இந்த ஆண்டு பங்குனியில் பக்கத்து வீட்டு நோர்வேஜியப் பெண்மணி வந்து, கோப்பைகள் ஆடுகின்றன, சுவர் வெடித்துவிட்டது என்று எங்கள் மேற்பார்வையாளரோடு சத்தம் போட்டார். நடுக்கும் இயந்திரத்தை நிறுத்தி, அழுத்தும் இயந்திரத்துக்காகக் காத்திருந்தோம். அப்போதுதான் இலங்கையில் யுத்தம் நடந்துகொண்டிருந்த வன்னியிலிருந்து என் தங்கை வசந்தி யாருடையதோ தொலைபேசியில் அழைத்தாள். எறிகணைச் செல்லடிக்குப் பயந்து கணவனோடும் மகளோடும் கடற்கரை மணலில் பங்கர்க் குழி வெட்டி இருந்தாள்.

"மணல் நிக்காது பிள்ளை. வெட்டமுதல் தடியளை நெருக்கமா இறுக்கவேணும்."

"தடிக்கு எங்கை போறது அண்ணை? சீலையளைத் தைச்சு மண் நிரப்பி அடுக்கியிருக்கிறம். என்ரை கலியாணக் கூறைச்சீலையும் அதுக்கே போட்டுது." சிரித்தாள். "நீங்கள் அங்கை இரும்பிலை சுவர் வைக்கிறியள் எண்டால் இஞ்சை சனம் உங்களை இப்பவே வரச்சொல்லும்."

"மூட்டையளை நேரா ஏத்தாதை. சரிச்சு அடுக்கு."

"ஓம் ஓம், என்ஜினியர் ஐயா."

தொடர்பு அறுந்தது. அதற்குப் பிறகு அவள் அழைக்கவில்லை.

சித்திரையில், தப்பி முகாமுக்கு வந்த உறவினர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். பக்கத்தில் செல் விழுந்து மூட்டைகள் சரிந்தன. மகள் தாரணியை உயிரோடு தோண்டி எடுத்தார்கள். வசந்தியிடமும் கணவனிடமும் மூச்சு இல்லை என்று கண்டதும், அதே குழியில் இன்னும் மண்ணைத் தள்ளிவிட்டு நடந்தார்களாம்.

அடுத்தநாள் வேலைக்குப் போனேன். அறையில் இருந்து என்ன செய்வது? தகட்டைப் பிடித்துக் கொளுவவேண்டும், கண் தெரியவில்லை. இடைவேளையில் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்மணி கோப்பியும் வாபல் என்ற இனிப்பு அப்பமும் கொண்டுவந்தார். தன்னால் நான் ஏச்சு வாங்கிவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். "சின்ன வெடிப்புத்தான். உன்மீது பிழையில்லை. அழாதே" என்று என் கையைப் பிடித்தார். எனக்குப் பேசத் தெரிந்த நோர்வேஜிய மொழி அளவுகளுக்கும் கருவிகளுக்கும்தான் போதும். "தக்" என்று நன்றி சொன்னேன். முழுவதையும் தின்னும்வரை நின்று பார்த்தார். தின்றேன்.

போன கிழமை, முகாமில் அந்த உறவினரோடு இருக்கும் தாரணி தொலைபேசியில் பேசினாள்.

"மாமா, நீங்கள் அங்கை என்ன வேலை?"

நான் குழியின் அடியில் நின்றேன். நாலு பக்கமும் இரும்பு, அசையாமல்.

"கட்டடம் கட்டுறது, பிள்ளை."

"எவ்வளவு உயரம்?"

மேலே பார்த்தேன். தகடுகளுக்கு நடுவில் சதுரமாகக் கொஞ்ச வானம் தெரிந்தது.

"நல்ல உயரம்" என்றேன்.

ஒஸ்லோ, 15 கார்த்திகை 2009